ஒற்றைச் சமிக்ஞையை நம்பும் சிகிச்சை

நடுமூளையில் டோபமின் சுரக்கும் நரம்பணுக்கள் படிப்படியாக அழிவதால் உண்டாகும் பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபா மாத்திரையே இன்றளவும் முதன்மை மருந்து என்றாலும், ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் பயன் வேளைக்கு வேளை ஏறி இறங்கத் தொடங்குகிறது. மருந்து உச்சத்தில் இருக்கையில் கட்டுக்கடங்காத அசைவுகளும், வீரியம் தீர்ந்தபின் விறைப்பும் நோயாளியை மாறிமாறி வருத்துகின்றன. இதைத் தணிக்கவே, பிரான்சின் கிரெனோபிள் நகரில் மருத்துவர்கள் பெனாபித், போலாக் ஆகியோர் 1987-இல் தாலமஸ் என்னும் மூளைப் பகுதியில் தொடங்கி 1993-இல் துணைத் தாலமிக் கரு என்னும் சிறு நரம்பணுத் திரளுக்கு விரிவுபடுத்திய ஆழ்மூளைத் தூண்டல் பயன்பட்டு வருகிறது. மார்புத் தோலுக்கடியில் பதிக்கப்பட்ட கருவி, மூளைக்குள் செருகிய மெல்லிய கம்பி வழியே நொடிக்கு ஏறத்தாழ 130 மின்துடிப்புகளை அனுப்புகிறது. நோயாளி உறங்கினாலும் நடந்தாலும், மாத்திரை போட்டிருந்தாலும் போடாவிட்டாலும், மருத்துவர் கடைசியாக அமைத்துக் கொடுத்த அளவிலிருந்து அது மாறுவதில்லை; அதனால் சிலருக்குப் பேச்சுக் குழறலும் மிகையசைவும் சேர்ந்துகொள்கின்றன.

தகவமைத் தூண்டல் இந்த மாறாத்தன்மையை நீக்க முயல்கிறது. துணைத் தாலமிக் கருவில் 13 முதல் 30 ஹெர்ட்ஸ் வரையிலான பீட்டா அலைவுகள் விறைப்பும் அசைவுத் தளர்ச்சியும் கூடும்போது ஓங்குவதும், லெவோடோபா வேலை செய்யும்போது தணிவதும் ஆய்வுகளில் தெரியவந்தமையால், அவ்வலைவை அளந்து அதற்கேற்ப மின்னோட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் கருவிக்குக் கற்றுக்கொடுக்கலாம் என்ற எண்ணம் பிறந்தது. 2013-இல் ஆக்ஸ்போர்டின் பீட்டர் பிரவுன் குழுவினர் எட்டு நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில், தூண்டல் நேரம் பாதிக்கும் மேல் குறைந்தபோதும், வழக்கமான தூண்டலைவிட அசைவு மதிப்பெண்கள் ஏறத்தாழ 27 விழுக்காடு மேம்பட்டன. குறைவான மின்சாரத்தில் கூடுதல் பயன் என்பது அரிய விளைவு. ஆயினும் அறுவை முடிந்த சில நாட்களில், கம்பிகள் தலைக்கு வெளியே நீட்டியிருந்த நிலையில், சிறு பொழுதுக்குள் எடுத்த அளவீடு அது. வீட்டில் மாதக்கணக்கில் கிடைக்கும் பயனுக்குச் சான்றாக அதைக் கொள்ள இயலாது.

அளத்தல் எவ்வளவு நுட்பமானது என்பது கம்பியின் நுனியிலேயே புலப்படும். தூண்டும் மின்னழுத்தம் வோல்ட் அளவிலும், நரம்பணுக்களின் சமிக்ஞை அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கான மைக்ரோவோல்ட் அளவிலும் இருப்பதால், தூண்டும் தொடுமுனைக்கு மேலும் கீழும் உள்ள இரு முனைகளில் அளந்து, இரண்டிலும் சமமாகப் பதியும் தூண்டல் இரைச்சலைக் கழித்துவிடுகிறார்கள். தொடுமுனைகள் நான்கு அடுக்குகளாக அமைந்த கம்பியில் நடு அடுக்குகள் இரண்டுக்கு மட்டுமே இவ்வசதி வாய்க்கிறது. ஒரு நோயாளிக்கு மிகச் சிறந்த பயன் தரும் அடுக்கு மேற்கோடியிலோ கீழ்க்கோடியிலோ அமைந்துவிட்டால், சிகிச்சையின் தரத்தையோ அளக்கும் வாய்ப்பையோ விட்டுக்கொடுக்க வேண்டியதாகிறது. இதயத்தின் மின்துடிப்பும் சில வேளை அளவீட்டில் கலந்து குழப்புகிறது.

இதைவிட ஆழமான குறை, அளக்கப்படும் பொருளிலேயே உள்ளது. பீட்டா அலைவு விறைப்பையும் தளர்ச்சியையும் காட்டும் அளவுக்கு நடுக்கத்தைக் காட்டுவதில்லை. நடுங்கும் வேளையில் அது தணிந்தே காணப்படலாம். இயல்பாகக் கையை அசைத்தாலும் அது குறையும். ஆழ்ந்த உறக்கத்திலும் குறையும். மின்னோட்டத்தை எப்போது மாற்றுவது என்று பகலில் அமைத்த பீட்டா வரம்பை வைத்துக்கொண்டு கருவி இரவில் மின்னோட்டத்தைத் தாழ்த்திவிட்டால், படுக்கையில் புரண்டு படுக்க முடியாமல் தவிக்கும் நோயாளிக்கு அது உதவியாகாது. பீட்டா அலைவு தெளிவாகத் தென்படாத நோயாளிகளும் இருக்கிறார்கள்.

2025 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற, மெட்ரானிக் நிறுவனத்தின் தகவமைத் தூண்டல் வசதிக்கு அடிப்படையான அடாப்ட்-பிடி ஆய்வை இப்பின்னணியில்தான் எடைபோட வேண்டும். 68 பேர் சேர்ந்த அவ்வாய்வில், நாள் முழுதும் நிகழும் மருந்து ஏற்றத்தாழ்வை நிமிடக் கணக்கில் மெதுவாகப் பின்தொடரும் இரட்டை வரம்பு முறையும், நொடியின் ஒரு பகுதியிலேயே விரைந்து மாறும் ஒற்றை வரம்பு முறையும் சோதிக்கப்பட்டன. பலர் அவற்றை நன்கு தாங்கிக்கொண்டனர். ஆனால் அவர்கள் ஏற்கெனவே வழக்கமான தூண்டலால் நிலைபெற்றிருந்தவர்கள், போதிய பீட்டா சமிக்ஞை உடையவர்கள். வழக்கமான தூண்டலோடு ஒப்பிட்டபோது எது இயங்குகிறது என்பது மறைக்கப்படவும் இல்லை. பழைய முறைக்குப் பின்தங்கவில்லை என்று காட்டுவது ஒன்று, அதை வென்றது என்று காட்டுவது வேறொன்று. ஆய்வு முதலாவதை மட்டுமே இலக்காகக் கொண்டது.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகக் குழு 2024-இல் வெளியிட்ட ஆய்வு வேறு வழியைத் தேர்ந்தது. அங்கே ஒவ்வொருவருக்கும் எது மிகவும் தொல்லை தருகிறதோ அதனோடு ஒத்துப்போகும் சமிக்ஞை தனித்தனியே தேடப்பட்டது. உயர் அதிர்வெண்ணுள்ள காமா அலைவுகளும் கைகொடுத்தன. முறை எதுவென்று நோயாளிக்குத் தெரியாத வகையில் வீட்டிலேயே ஒப்பிட்டபோது, தொல்லை மிகுந்த அறிகுறி நீடித்த நேரம் பாதியாகக் குறைந்தது. பங்கேற்றவர்கள் நால்வரே என்பதால் விரிவான முடிவுக்கு இடமில்லை எனினும், பொதுச் சமிக்ஞை ஒன்றை அனைவர்மீதும் சுமத்துவதைவிட இப்பாதை மருத்துவ நோக்கில் நேர்மையானது. அதன் விலையும் பெரிது: சமிக்ஞையைத் தேடவும் வரம்புகளைத் திருத்தவும் பயிற்சி பெற்ற வல்லுநர்களின் நெடுநேர உழைப்பு வேண்டும். மருந்தின் ஏற்றத்தாழ்வால் நாளெல்லாம் அல்லற்படுவோருக்கு இம்முயற்சி தகுந்தது. தூண்டலுக்குப் பெரும்பாலும் பணியாத தடுமாற்றமும் விழுதலும் முதன்மைத் துயராக உள்ளவர்களிடம், தகவமைத் தூண்டல் அவற்றைத் தீர்க்கும் என்று மருத்துவர் உறுதி கூறுவதற்கு இப்போதைய சான்றுகள் இடந்தரவில்லை.