நகையும் நோயும்

நோயுற்றாரைக் காணச் செல்வோர் பலர் கையில் ஆரஞ்சுப் பழத்தோடு ஒரு பழமொழியையும் கொண்டு செல்கின்றனர். வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும் என்பது அது. ஜொகூர் பாருவிலும் குளுவாங்கிலும் மருத்துவமனைக் கட்டிலருகே இச்சொல் கேட்கப்படுகிறது. மேடைகளில் இதற்குச் சான்றாகத் திருக்குறளின் 621ஆம் பாடலைக் காட்டுவாரும் உளர். அக்குறள் இதற்குச் சான்றாகுமா என்று ஆராய்தல் தமிழாசிரியர் கடன்.

துன்பம் வந்தால் நகைக்கும்படி வள்ளுவர் கூறுவது மெய். ஆயின் அதனை அவர் எங்கே வைத்தார்? 95ஆம் அதிகாரமாகிய 'மருந்து' முழுவதையும் துருவிப் பார்ப்பினும் நகை என்ற பேச்சே இல்லை. அங்கே உண்ணும் அளவும் நோயின் காரணத்தை அறிதலும் பேசப்படுகின்றன; நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுவோன் என மருத்துவம் நான்காக வகுக்கப்படுகிறது. நகையோ 63ஆம் அதிகாரமாகிய 'இடுக்கணழியாமை'யில் நிற்கிறது. பரிமேலழகரும் அந்நகையை உள்ளத்து மகிழ்ச்சி என்றே கொண்டார். எனவே வள்ளுவர் கூறும் நகை, நோயிடத்து மனிதன் மனம் உடையாமற் காக்கும் உரமேயன்றி நோய் தீர்க்கும் மருந்தாகாது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் இதற்குத் துணை. எண்வகை மெய்ப்பாடுகளுள் நகை முதலாவது. பிணியோ இளிவரலுக்குரிய நிலைக்களன் நான்கனுள் ஒன்று. நோய் உடலை வருத்துவதோடு நில்லாது. பிறர் கையால் உண்ணவும் உடுக்கவும் நேர்கையில், தான் தாழ்ந்துவிட்டோம் என்னும் உணர்வையும் தருகிறது. நகை எதிர்ப்பது இவ்விளிவரலையே. தன் நிலையைக் கண்டு தானே நகைக்க வல்லவனை அவ்விளிவரல் அணுகாது. ஆயினும் எள்ளலும் நகைக்கு ஒரு நிலைக்களனாதலின், பார்க்க வந்தவர் முந்திக்கொண்டு நகைப்பது இளிவரலைப் பெருக்கவும் கூடும். முதல் நகை நோயாளியுடையதாக இருத்தல் வேண்டும்.

விளையாட்டைத் தொல்காப்பியர் நகையில் வையாது உவகையில் வைத்தார். உவகையைத் துன்பம் நீங்கிய நிலையாகக் கொண்டார். துன்பம் நீங்காதவன் விளையாடுவது எங்ஙனம் எனின், உடலின் துன்பம் இருக்கவும், ஆடும் பொழுதளவும் உள்ளம் அதனின் நீங்குகிறது என்க. பேரனோடு தாயம் உருட்டித் தோற்கும் முதியவர் அந்நேரம் நோயாளி அல்லர், தாத்தா.

அமெரிக்க இதழாசிரியர் நார்மன் கசின்ஸ் 1964இல் கொடிய மூட்டு நோயுற்றார். பத்து நிமிடம் வயிறு குலுங்கச் சிரித்தால் இரண்டு மணி நேரம் நோவின்றி உறங்க முடிந்தது என 1979இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். நோவு தணிந்ததற்கு அவர் சொல் சான்று; சிரிப்பினாலேயே நோய் தீர்ந்தது என்பதற்கு ஒருவர் அனுபவம் போதாது.

இவ்வேறுபாட்டை உணராமையால் விளையும் கேடு பெரிது. சிரித்தால் நோய் போகும் என்றால், போகாத நோய்க்குச் சிரிக்காதவனே குற்றவாளி ஆகிறான். புற்றுநோயோடு போராடும் ஒருவர்மேல் இப்பழியையும் சுமத்துதல் அறமாகாது. வள்ளுவர் அதனைச் செய்யவில்லை. 621ஆம் குறளை வகுப்பில் நடத்தும் ஆசிரியர்கள் 95ஆம் அதிகாரத்தையும் உடன்வைத்து நடத்துவார்களாக. நோயாளி நகைக்கும்போது உடன் நகைத்தலும், அழும்போது உடனிருத்தலும் காணச் செல்வோர் செய்யத்தக்கன என்பதை மாணவர் அப்போது தாமே உணர்வர்.