ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் ஆளடையாளம் காணுதல்

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனியின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளரும் வணிக இடையாளருமாக) விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761) 1736 செப்டம்பர் முதல் 1761 ஜனவரி வரை எழுதிவந்த நாட்குறிப்பு, 18ஆம் நூற்றாண்டுத் தென்னிந்திய வரலாற்றின் முதன்மைச் சான்றுகளுள் ஒன்று. அதில் வரும் டூப்ளே, லபோர்தொனே, சந்தா சாகிப் போன்றோரை இனங்காண ஆராய்ச்சி தேவையில்லை. ஓரிரு முறை தலைகாட்டி மறையும் தரகர்கள், கணக்கர்கள், கப்பல்காரர்கள், வழக்காட வந்தவர்கள் ஆகியோரை இனங்காண்பதே கடினம். பிள்ளை கேட்டு எழுதிய சேதி யார் வாய்வழி வந்தது, சொன்னவருக்கு அதில் என்ன ஆதாயம் என்பதெல்லாம் இவர்கள் யார் என்று தெரிந்தால்தான் பிடிபடும்.

முதல் இடர் எழுத்திலேயே இருக்கிறது. 1846இல் கலுவா மொம்ப்ரேன் இந்த நாட்குறிப்பை வெளிக்கொணர்ந்தார். புதுச்சேரியிலிருந்த பிரெஞ்சு அதிகாரி அரியேல் எடுத்த படி பாரிஸ் தேசிய நூலகம் சேர்ந்தது. ஆய்வாளர் கையாள்வது பெரும்பாலும் படிகளையே என்பதால், படியெடுத்தவர் கைப்பிழையையும் கணக்கில் கொள்ள வேண்டும். அக்காலக் கையெழுத்தில் மெய்க்குப் புள்ளி இடும் வழக்கம் இல்லை. ரகரமும் காலும் ஒரே வடிவம். எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்டப்படவில்லை. ‘பரன’ என மூன்று எழுத்து இருந்தால் அதைப் பரன, பரன், பர்ன, பர்ன், பான, பான் என ஆறு விதமாகப் படிக்கலாம். தமிழ்ப் பெயரானால் பழக்கம் கைகொடுக்கும். பிரெஞ்சுப் பெயரில் அந்தத் துணையும் இல்லை. முதலெழுத்து வல்லொலியா மெல்லொலியா என்பதே தெரியாது. போதாக்குறைக்கு, பிரெஞ்சில் எழுதப்பட்டும் ஒலிக்கப்படாத இறுதி மெய்கள் உண்டு. பிள்ளை காதால் கேட்டதை எழுதினார். கம்பெனி எழுத்தர் ஏட்டு வழக்கில் எழுதினார். ஆகவே தமிழ் வடிவத்தை வாய்விட்டுப் படித்து, அந்த ஒலிக்குப் பொருந்தும் பெயர்களைக் கம்பெனி ஆள்பட்டியலில் தேடுவதே தக்க வழி.

அடுத்தது பதவிப்பெயர். நாட்குறிப்பில் பலர் பெயரின்றிப் பதவியால் மட்டும் சுட்டப்படுகின்றனர். குவர்னர் என்றால் 1741 அக்டோபரில் ஊரை விட்டுச் செல்லும்வரை டுமா. 1742 ஜனவரி முதல் டூப்ளே. 1754 ஆகஸ்டில் கோதேயு. 1755இல் தெ லெய்ரி. நயினார் என்பது ஆள்பெயராகவும் வரும், ஊர்க்காவல் தலைவரின் பதவியாகவும் வரும். தேதியைப் பாராமல் இத்தகைய சொல்லுக்கு ஆளைப் பொருத்த முடியாது.

தமிழ்ப் பெயர்களில் சிக்கல் வேறு வகை. குடும்பப் பெயர் இல்லை. பெயரும் பட்டமும் மட்டுமே உண்டு. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவதால் ஒரே பெயர் தலைமுறை தாண்டித் திரும்பி வரும். பிள்ளையின் தந்தையும் திருவேங்கடம், பிள்ளைக்குப் பின் நாட்குறிப்பைத் தொடர்ந்த அவர் தம்பி மகனும் திருவேங்கடம். இங்கே தொழில், சரக்கு, ஊர், கூட்டாளி ஆகியவையே ஆளைப் பிரித்துக் காட்டும். கிறித்தவரானால் ஞானப்பெயரும் உண்டு. பிள்ளைக்கு முன் தலைமைத் துபாஷியாக இருந்து 1746 பிப்ரவரியில் இறந்த கனகராய முதலி, பிரெஞ்சு ஆவணங்களில் ‘பெத்ரோ’. இரண்டும் ஒருவரே என்று அறியாதவர் கணக்கில் ஒரே ஆள் இருவராகிவிடுவார்.

நாள்கணக்கும் இடறும். பிள்ளை தமிழ் ஆண்டு, மாதத்தோடு ஐரோப்பியத் தேதியையும் தருகிறார். அது பிரெஞ்சுக்காரரின் புதிய நாட்காட்டிப்படி அமைந்தது. ஆங்கிலேயர் 1752 வரை பழைய நாட்காட்டியில் இருந்ததால் அவர்கள் தேதி 11 நாள் பின்தங்கும். மதராஸ் பிரெஞ்சுக்காரர் வசமானது அட்சய வருடத்தில், 1746 செப்டம்பர் 21. ஆங்கிலக் குறிப்பில் அதே நாள் செப்டம்பர் 10. ஆங்கிலேயரின் ஆண்டு மார்ச் 25இல் பிறந்ததால், ஜனவரி முதல் அதற்கு முந்தைய நாள்வரையான ஆவணங்களில் முந்தைய ஆண்டெண் இருக்கும். இவற்றைச் சரிக்கட்டாமல் புதுச்சேரிக் குறிப்பையும் மதராஸ் குறிப்பையும் ஒப்பிட்டால், ஒரே வணிகர் ஒரே நாளில் இரண்டு ஊரில் இருந்ததாகத் தோன்றும்.

ஒப்பிடுவதற்கான ஆவணங்கள் மூவகை. ஐரோப்பியருக்கும் கிறித்தவருக்கும் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் உண்டு. புதுச்சேரிப் பதிவுகளின் சுருக்கத்தை மார்த்தினோ அச்சிட்டார். மணப்பெண்ணின் பிறந்தகப் பெயரும் பெற்றோர் பெயரும் அவற்றில் இருப்பதால், நாட்குறிப்பில் கணவன் பெயரால் மட்டும் அறியப்படும் பெண்களுக்கு உறவுமுறை கிடைக்கும். மதராஸில் வாழ்ந்த பர்னவல் சீமாட்டி டூப்ளே மனைவிக்கு முதல் கணவர் வின்சென்ஸ் வழிப் பிறந்த மகள் என்று தெரிந்தால், அங்கிருந்து வந்த சேதிகளின் வழி விளங்கும். கிறித்தவரல்லாத வணிகருக்குப் பதிவேடு உதவாது. அவர்களைக் கம்பெனியின் சரக்கு ஒப்பந்தங்களிலும், ஞானு தியாகு பதிப்பித்த புதுச்சேரி உயர்மன்றத் தீர்ப்புகளிலும் தேட வேண்டும். மூன்றாவது வகை ஆங்கிலேயரின் மதராஸ் கோட்டை ஆவணங்கள்.

1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வந்த ஆங்கில மொழிபெயர்ப்பே இத்துறைக்கு அடித்தளம். முதல் மூன்றைப் பிரைசும் ரங்காச்சாரியும் பதிப்பித்தனர். பிறகு டாட்வெல் பொறுப்பேற்றார். மதராஸ் ஆவணக் காப்பகம் டாட்வெல்லின் பொறுப்பில் இருந்ததால், கோட்டை ஆவணங்களை உடன்வைத்து அடிக்குறிப்பு எழுத அவரால் முடிந்தது. ஆனால் மொழிபெயர்ப்பில் பெயர் ஒரு வடிவத்தில் உறைந்துவிடுகிறது. பதிப்பாசிரியர் படித்த வடிவம் தவறானால் அந்த ஆளை எந்த ஆவணத்திலும் காண முடியாது. அதனால் ஐயம் எழுந்த இடத்தில் தமிழ்ப் படிக்கே திரும்ப வேண்டும்.

அடையாளத்தை உறுதி என்று கொள்ள ஒலி, காலம், தொழில் மூன்றும் பொருந்துவதோடு, நாட்குறிப்பைச் சாராத ஓர் ஆவணமும் துணைநிற்க வேண்டும். ஆவணத்துணை இல்லையேல் ‘இவராகலாம்’ என்றே குறிக்க வேண்டும். ஒலி மட்டும் பொருந்தினால் அது ஊகமே. பதிப்பில் இம்மூன்று நிலைகளையும் தனித்தனியே காட்டி, மூலத்தில் உள்ள எழுத்து வடிவத்தையும் அருகிலேயே தந்தால், புதிய ஆவணம் கிடைக்கும்போது அடுத்து வருபவர் திருத்திக்கொள்ள இடமிருக்கும்.