கட்டைக்குரலைப் பிடியுங்கள்

ராயகிரி வயல்காட்டில் நடுகைப் பாட்டு கேட்டவர்களுக்கு 'தன்னானே' புதிதல்ல. ஒருத்தி அடியெடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். டூ-வாப் என்ற அமெரிக்கப் பாட்டுமுறைக்குப் பெயர் கொடுத்ததும் இப்படிப் பொருளில்லாத அசைகள்தான். கையில் வாத்தியம் இல்லாத இளவட்டங்கள் தெருமுனையிலும் மாடிப்படியிலும் நின்று பாடி வளர்த்தது அது. ஒரு வித்தியாசம்: நம் பெண்கள் எல்லோரும் ஒரே மெட்டில் போவார்கள், டூ-வாப்பில் நாலைந்து பேரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு சுரத்தில் நிற்பார்கள். ஒற்றை மெட்டைத் துரத்தியே பழகிய நம் காது அங்கேதான் திணறும்.

காதைப் பழக்க நேரே அமெரிக்கா போக வேண்டாம். 'திருடா திருடா' (1993) படத்தின் 'ராசாத்தி'யிலிருந்து தொடங்குங்கள். ஏ.ஆர்.ரஹ்மான் குரல்களை வைத்தே கட்டிய பாட்டு. சாகுல் ஹமீதின் குரல் எல்லோருக்கும் மனப்பாடம். இந்த ஒரு தடவை அவரை விட்டுவிட்டு, பின்னால் வரும் கோரஸோடு மட்டும் கடைசிவரை போங்கள். செல்போன் ஸ்பீக்கரில் கட்டைக்குரல் செத்துவிடும். சாதா இயர்போனாவது மாட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்து 'ப்ளூ மூன்'. ராட்ஜர்ஸ், ஹார்ட் இரட்டையர் 1934இல் எழுதிய சாவகாசமான காதல் பாட்டு. முதலில் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு 1956இல் பாடியதைக் கேட்டு மெட்டை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு பிட்ஸ்பர்க் பையன்களான 'தி மார்செல்ஸ்' 1961இல் பாடியது. ஃப்ரெட் ஜான்சனின் கட்டைக்குரல் அசைகளைக் கொட்டிக்கொண்டு வந்து நிற்கும். அதே பாட்டா என்று சந்தேகம் வரும். அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது இந்த வடிவம். கிட்டாரும் டிரம்மும் பின்னால் உண்டு, கண்டுகொள்ளாதீர்கள்.

மார்செல்ஸ் பாடியதை மூன்று தடவை கேளுங்கள். முதல் தடவை கட்டைக்குரல். அடுத்து, உச்சியில் போகும் பொய்க்குரல். மூன்றாவது தடவை நடுக்குரல்கள். இவைதான் லேசில் பிடிபடாது. யாரும் கைதட்டாத குரல்கள் அவை. ஆனால் அவற்றில் ஒன்று சுரம் பிசகினால் மொத்தப் பாட்டும் பல் விழுந்த வாய் மாதிரி ஆகிவிடும்.

இன்றைக்குப் பழைய பாட்டுகளை இந்தப் பாணியில் மறுபடி பாடும் குழுக்களை யூடியூபில் பார்க்கலாம். கோட்டு, விரல் சொடுக்கு எல்லாம் கச்சிதம். எனக்கென்னவோ சில குழுக்கள் ரொம்பச் சுத்தமாகப் பாடுகின்றன. மாடிப்படி எதிரொலியும் மூச்சிரைப்பும் இல்லாத டூ-வாப் எனக்கு உப்பில்லாத கூழ்தான்.

கடைசியாக ஒன்று. ஆளில்லாத கல்யாண மண்டபம் கிடைத்தால் மூன்று பேராகப் போங்கள். ஒருவர் மெட்டைப் பாடட்டும், இன்னொருவர் கீழே ஒரே சுரத்தை இழுத்துப் பிடிக்கட்டும். நீங்கள் நடுவில் நில்லுங்கள்.