காகங்களை நாம் வாசிக்கவில்லை
ஃபூக்கோவின் நகரமும் கோயம்பேட்டு லாரியும்

ஃபூக்கோவின் 'கண்காணிப்பும் தண்டனையும்' (1975) நூலில் கொள்ளைநோய் நகரம் பற்றி வரும் அந்த நாலைந்து பக்கங்களை நாம் எவ்வளவு தூரம் சுமந்து திரிந்தோம் என்று நினைத்தால் இப்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. தொண்ணூறுகளில் சிதம்பரம் மேலவீதி டீக்கடையில் அதைப் பேசாத வாரம் கிடையாது. பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பிய நகரம். நோய் வந்துவிட்டது. ஊர் வாசலை அடைத்துத் தெருத்தெருவாகக் கூறுபோடுகிறார்கள். வீட்டை வெளியே பூட்டிச் சாவியை எடுத்துப்போகிறான் தெரு அதிகாரி. தினமும் வந்து பேர் சொல்லிக் கூப்பிடுகிறான். ஒவ்வொருவரும் தன் ஜன்னலில் வந்து முகம் காட்ட வேண்டும். காட்டாதவன் நோயாளி, இல்லாவிட்டால் பிணம். இந்த ஜன்னலை வைத்துக்கொண்டுதான் பார்வை, பதிவு, ஒழுங்கு, உடல் என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினோம். நானும் எழுதினேன், மறுக்கவில்லை.

2020 மார்ச் 24 இரவு 21 நாள் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது நண்பர்களுக்கு முதலில் ஞாபகம் வந்ததும் அந்த ஜன்னல்தான். கையில் முத்திரை, வீட்டு வாசலில் ஸ்டிக்கர், தலைக்கு மேலே டிரோன், ஏப்ரலில் 'ஆரோக்கிய சேது' செயலி. 'பாருய்யா, அந்த ஆள் அன்னிக்கே எழுதிட்டான்' என்று போனில் ஒரே உற்சாகம். இத்தாலியில் அகம்பென் பிப்ரவரி கடைசியிலேயே, அரசுகள் அவசரநிலையை இயல்பாக்கிக்கொள்ள இந்த நோயைச் சாக்காக்குகின்றன என்று எழுதியிருந்தார். அதைத் தமிழில் சொல்லிக்காட்ட ஒரு போட்டியே நடந்தது. நோய் பொய் என்று சொல்ல நான் தயாராக இல்லை. 2021 மே மாதம் என் அக்கா வீட்டுக்காரரை ஆக்சிஜன் படுக்கைக்காக ஊர் ஊராக ஏற்றிக்கொண்டு அலைந்து, கடைசியில் பிணமாகத்தான் திருப்பிக் கொண்டுவந்தோம். பக்கத்தில் உட்கார்ந்து மூச்சுத் திணறலைக் கேட்டவனுக்கு அகம்பென் கட்டுரை வேறு மாதிரிதான் அர்த்தமாகும். ஆனால் இங்கே என் சண்டை அவரோடு அல்ல, நம்மோடு.

ஊரடங்கில் வேலை இல்லாமல் கிடந்தபோது அந்தப் பக்கங்களை மறுபடி எடுத்தேன். ஜன்னல் வரியில் என் பழைய பென்சில் கோடு அப்படியே இருந்தது. அதற்குச் சற்று முன்னால், கோடு போடாத இடத்தில், நாம் கவனிக்காமல் தாண்டிப்போன இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று சாப்பாடு. பூட்டிய வீட்டுக்குள் ரொட்டியும் ஒயினும் எப்படிப் போகும்? தெருவிலிருந்து வீட்டுக்குள் சின்ன மரக் கால்வாய் வைக்கிறார்கள். கறி, மீன், கீரையெல்லாம் கூடையில் வைத்துக் கப்பியில் மேலே இழுத்துக்கொள்ளலாம். கொடுப்பவனும் வாங்குபவனும் ஒருவரையொருவர் பார்க்கவே வேண்டாம். இரண்டாவது 'காகங்கள்'. நோயாளியைத் தூக்குவது, பிணம் புதைப்பது, கழுவுவது என்று எல்லா இழிவேலைக்கும் விடப்பட்ட ஏழைகளுக்கு அந்த ஊரில் அப்படிப் பெயர். அவர்கள் மட்டும் தெருவில் நடமாடலாம். ஏனென்றால் அவர்கள் செத்தால் பரவாயில்லை. ஃபூக்கோ இதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு ஜன்னலுக்குப் போய்விடுகிறார். அவர் பின்னாலேயே நாமும் போய்விட்டோம்.

இது வெறும் வாசிப்புக் கோளாறு இல்லை என்பது என் எண்ணம். ஜன்னலில் முகம் காட்டுகிறவன் வீடு உள்ளவன். அதிகாரம் தன்னைப் பார்க்கிறது என்கிற கவலை அவனுடையது. அவன் வீட்டுக் கூடையில் கீரை வைத்துக் கட்டியவனின் கவலை வேறு. நாம் எந்தப் பக்கம் நின்று வாசித்தோம் என்பது கோடு போட்ட இடத்திலேயே தெரிகிறது.

இப்போது நம்ம ஊருக்கு வருகிறேன். 2020 மார்ச் 29 என்கிற ஒரு தேதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு உள்துறை அமைச்சகத்திலிருந்து மாநிலங்களுக்கு இரண்டு தாள்கள் வந்தன. ஒன்று, அத்தியாவசியப் பண்டம், அத்தியாவசியமில்லாத பண்டம் என்ற பேதம் இனி வேண்டாம், எல்லாச் சரக்கும் போகலாம் என்றது. இன்னொன்று, ஊர் திரும்பும் தொழிலாளர்களைத் தடுத்து நிறுத்து, எல்லைகளை மூடு, மீறி வந்தவர்களை 14 நாள் அடைத்து வை என்றது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே பிரதியாக வாசிக்க வேண்டும். சரக்குக்கு எல்லை கிடையாது. சரக்கைத் தூக்குகிற உடம்புக்கு உண்டு. பயணிகள் ரயில் நின்று கூட்ஸ் மட்டும் சிதம்பரம் ஸ்டேஷனைத் தாண்டிப் போன அந்த ராத்திரிகளில் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்திருக்கிறேன். அப்போது இதெல்லாம் தோன்றவில்லை. மே மாதம் ஒரு பையன் வந்து சொன்னபிறகுதான் தோன்றியது.

அவன் என் பழைய தோழர் ஒருவரின் தங்கை மகன். குறிஞ்சிப்பாடிப் பக்கம் கிராமம். அப்பா முந்திரித் தோப்பு குத்தகைக்கு எடுத்திருந்தவர். 2011 டிசம்பர் 30 தானே புயல் கடலூர் மாவட்டத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்ததில் குத்தகைக்காரர்கள் கதை முடிந்தது. விழுந்த மரத்துக்கு நிவாரணம் பேசினார்கள்; மரத்தைக் குத்தகைக்கு எடுத்தவன் எந்தக் கணக்கிலும் சரியாக வரவில்லை. புதுக் கன்று வைத்துக் காய்க்க வருஷங்கள் ஆகும். அதுவரை சும்மா இருக்க முடியுமா? பையன் கோயம்பேட்டுக்குப் போனான். மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி. படுப்பது மார்க்கெட்டிலேயே. 1996இல் கொத்தவால் சாவடியிலிருந்து மாற்றிக் கட்டப்பட்ட அந்தப் பெரிய சந்தை கடலூர், விழுப்புரம், அரியலூர், பெரம்பலூர்ப் பையன்களின் தோளில்தான் ஓடிக்கொண்டிருந்தது. சென்னை சாப்பிட்ட காய்கறிக்கு வேர் இந்த மாவட்டங்களின் வறட்சியிலும் புயலிலும் இருக்கிறது. எந்தப் பொருளாதாரக் கட்டுரையிலும் நான் இதைப் படித்ததில்லை.

ஊரடங்கில் அவனுக்கு லீவு இல்லை. 'அத்தியாவசியம்' அல்லவா! ஏப்ரல் 24இல், சென்னை உள்ளிட்ட நகரங்களில் 26லிருந்து முழு ஊரடங்கு, எல்லாம் மூடல் என்று அறிவிப்பு வந்தது. 25ஆம் தேதி கோயம்பேட்டில் கூடிய கூட்டத்தை எல்லோரும் டி.வி.யில் பார்த்தோம். ஜனங்களுக்குப் பொறுப்பில்லை என்று திட்டவும் செய்தோம். ஜனங்கள் வீட்டுக் கூடையை நிரப்பிக்கொள்ள ஒரே நாள் விட்டால் ஒரே நாளில்தான் வருவார்கள். அந்த நாளில் அந்த நெரிசலுக்குள் மூட்டையோடு நின்றவனுக்கு விலகி நிற்க ஏது இடம்? மே 5இல் சந்தையை மூடினார்கள். அதற்கு முன்பே சந்தை அடங்கிக்கொண்டு வந்தது. படுக்க இடமில்லை, கூலி இல்லை, மண்டியில் பாக்கியும் வரவில்லை. இவன் வெங்காய லோடு ஒன்றில் தார்ப்பாய்க்கு அடியில் ஊர் வந்து சேர்ந்தான்.

'செக்போஸ்ட்ல டிரைவர்கிட்ட பேப்பர் கேட்டாங்க மாமா. வெங்காயம்னு இருந்துச்சு. போன்னுட்டாங்க' என்றான்.

'ஊர்ல?'

'மூட்டையெல்லாம் எறக்குனாங்க. என்னைய மட்டும் எறங்காதன்னாங்க.'

மே 4ஆம் தேதி மாநிலத்தில் 527 பேருக்குத் தொற்று, அதில் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 122 என்று அறிக்கை வந்தது. ஏப்ரல் முழுக்க இரட்டை இலக்கத்தைத் தாண்டாத மாவட்டம். காரணத்துக்கு ஒரே சொல்: கோயம்பேடு. ஏப்ரலில் டெல்லி மாநாட்டின் பேரால் ஒரு மதத்தாரை நோயின் ஊற்றாக ஆக்கிய அதே இலக்கணம் மே மாதம் ஒரு சந்தையின் பேரை எடுத்துக்கொண்டது. இங்கே ஒரு நுட்பமான மாற்றம் நடந்திருக்கிறது. தூக்கும்போது அவன் 'அத்தியாவசியப் பணி'. தூக்கி முடித்து வீடு திரும்பினால் 'கோயம்பேடு தொடர்பு'. நடுவில் தொழிலாளி என்கிற சொல் எங்கேயும் வரவில்லை. கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் அடைத்தார்கள். இவனைப் போட்டது ஒரு கல்லூரி விடுதியில். அவன் வாழ்க்கையில் கல்லூரிக்குப் போனது அந்த ஒரு தடவைதான் (இதை அவனே சிரித்துக்கொண்டு சொன்னான்).

பாஸ் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ். தொடக்கத்தில் தனி ஆள் விண்ணப்பிக்க அதில் மூன்று காரணங்கள்தான்: கல்யாணம், சாவு, அவசர சிகிச்சை. பசிக்குக் கட்டம் இல்லை. வேலை போய்விட்டது, வீட்டுக்குப் போகிறேன் என்பதற்கும் இல்லை. சிக்கிக்கொண்டவர் என்கிற கட்டம் பிறகு வந்தது. இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. பம்பாய்ப் பிளேக்கை ஒட்டி வந்த 1897ஆம் வருஷத்துத் தொற்றுநோய்ச் சட்டத்தைத்தான் 2020இலும் தூசு தட்டினார்கள். நான்கே பிரிவுகள். கடைசிப் பிரிவு, இந்தச் சட்டத்தின் கீழ் நல்லெண்ணத்தோடு எதைச் செய்தாலும் அதிகாரி மேல் வழக்குப் போட முடியாது என்பது. அன்றைக்குச் சென்னை ராஜதானியில் நோய் கண்ட இடங்களிலிருந்து வருகிறவர்களுக்குப் 'பிளேக் பாஸ்போர்ட்' கொடுத்துக் குறிப்பிட்ட நாட்கள் அதிகாரி முன்னால் போய் நிற்கச் சொன்னார்கள். ரயிலில் மூன்றாம் வகுப்பை இறக்கி வரிசையில் நிறுத்தினார்கள். மேல் வகுப்புக்காரர்களைப் பெட்டியிலேயே மரியாதையாகப் பார்த்தார்கள். அப்போது வகுப்பு டிக்கெட்டில் எழுதியிருந்தது. 2020இல் அதை எழுதத் தேவைப்படவில்லை. செல்போனும் ஸ்கேன் பண்ணத் தெரிந்த பிள்ளையும் இருக்கிற வீட்டுக்குப் பாஸ் வந்தது.

வெளியூர் போகாதவர்களின் கதை மட்டும் என்ன வாழ்ந்தது! பண்ருட்டியில் பலா பழுத்து ஏற்றிப்போக ஆளில்லாமல் கிடந்தது. கடலூர் துறைமுகத்திலும் பரங்கிப்பேட்டையிலும் மார்ச் கடைசியில் படகு நின்றது. ஏப்ரல் 15க்கு வழக்கமான தடைக்காலம் பின்னாலேயே வந்துவிட்டது. அந்த வருஷம் தடையை மே 31ஓடு சுருக்கினார்கள், அது சரி. ஆனால் தடைக்கு முன்னால் போன நாட்களை யாரும் திருப்பித் தரவில்லை. கிள்ளைப் பக்கம் உப்பனாற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்குப் படகே கிடையாது, நிறுத்துவதற்கு. அவர்களிலும் ரேஷன் அட்டை இருந்தவர்களுக்கு அரிசியும் ஆயிரம் ரூபாயும் வந்தது. அது பெரிய விஷயம், குறைத்துச் சொல்லமாட்டேன். தமிழ்நாட்டில் ரேஷன் கடை என்று ஒன்று இருந்திராவிட்டால் சாவுக் கணக்கு வேறாக இருந்திருக்கும். அட்டை இல்லாதவனை மட்டும் அந்தக் கடைக்குத் தெரியாது.

நெய்வேலியைச் சொல்லாமல் போனால் இந்த மாவட்டக்காரன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. மின்சாரம் அத்தியாவசியம். ஊரே அடங்கிக் கிடந்தபோது வீட்டு ஃபேன் நிற்கவில்லை. 2020 மே 7ஆம் தேதி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்தது. டாஸ்மாக் திறந்ததும் அன்றைக்குத்தான். அதற்குத்தான் நாட்டில் பேச்சு. ஜூலை 1ஆம் தேதி அதே நிலையத்தில் மறுபடி வெடித்து, அன்றே ஆறு பேர் செத்தார்கள். இரண்டிலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் மாட்டினார்கள். கொரோனாச் சாவு அறிக்கையில் இவர்கள் வரமாட்டார்கள், சரிதான். ஆனால் 'செத்தால் பரவாயில்லை' என்று ஃபூக்கோ போகிற போக்கில் எழுதிய அந்தப் பட்டியலில் இவர்களை விட்டுவிட முடியுமா? 2020 மார்ச்சில் துப்புரவுப் பணியாளர் என்ற பெயரைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றினார்கள். மே 3இல் ஆஸ்பத்திரிகள் மேல் ஹெலிகாப்டரிலிருந்து பூ விழுந்தது. எங்கள் தெருவில் குப்பை அள்ள வந்த அம்மாவுக்கு ஏப்ரல் பாதிவரை கையுறை வரவில்லை. காகத்துக்குப் புதுப் பெயர் கிடைத்தது.

இடைவெளி என்ற சொல்லைப் பற்றி நம்மில் சிலர் அன்றே எழுதினார்கள். 'சமூக விலகல்' என்று சாதிச் சமூகத்தில் கூச்சமில்லாமல் சொல்கிறீர்களே என்று. நல்ல கேள்வி. உலக சுகாதார நிறுவனமே மார்ச்சில் 'உடல் இடைவெளி' என்று மாற்றிச் சொல்லத் தொடங்கியிருந்தது. ஆனால் சொல்லை மாற்றினால் தீருமா? சிதம்பரத்திலேயே பார்க்கலாம். நோயைக் காரணம் காட்டி நடராசர் கோயில் கனகசபையில் பக்தர்கள் ஏறுவது நிறுத்தப்பட்டது. ஊரடங்கு போனது, பஸ் ஓடியது, சந்தை திறந்தது, அந்தத் தடை மட்டும் போகவில்லை. 2022 பிப்ரவரியில் அங்கே ஏறப்போன தலித் பெண் ஒருவர் தடுக்கப்பட்டார். தீட்சிதர்கள் 20 பேர் மேல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. மே 17ஆம் தேதி அரசு ஆணை போட்டுத்தான் கனகசபை திறந்தது. திருநாளைப்போவார் ஊரில் நோய் முடிந்த தேதியை யார் அறிவிப்பது என்பது சுகாதாரத் துறை சம்பந்தப்பட்ட விஷயமாக மட்டும் இருக்க முடியாதல்லவா?

அந்த மாதங்களில் வந்த, எனக்குக் கிடைத்த சிறுபத்திரிகைகளை எடுத்துப் புரட்டினேன். உயிர் அரசியல், கண்காணிப்பு முதலாளியம், விதிவிலக்கு நிலை எல்லாம் இருந்தது. அச்சகம் மூடிக் கிடந்ததால் இதழ் தாமதம் என்ற வருத்தமும் இருந்தது. தாள் எந்த லாரியில் வந்தது, கட்டை யார் இறக்கினார்கள் என்று ஒரு வரி இல்லை. நான் எழுதிய கட்டுரையும் அதில் சேர்த்திதான். அதில் 'உடல்' என்ற சொல் முப்பத்தியோரு முறை வருகிறது, எண்ணிப் பார்த்தேன். தோள் என்று ஒரு இடத்தில்கூட இல்லை.

மே கடைசியில் அந்தப் பையன் போன் பண்ணினான். கோயம்பேட்டுக்குப் பதிலாகத் திருமழிசையில் தற்காலிகச் சந்தை போட்டிருக்கிறார்கள், ஆள் கூப்பிடுகிறார்கள் என்றான். பழைய பாக்கியையும் அங்கே போனால்தான் கேட்க முடியுமாம். கொஞ்ச நாள் பொறுத்துப் போயேண்டா, நோய் சென்னையில்தானே அதிகம் என்றேன். பதில் இல்லை. பாஸ் போட்டுத்தரட்டுமா, என் மகனுக்குத் தெரியும் என்றேன்.

'வேணாம் மாமா, அதுல என்னத்தன்னு எழுதுறது. பண்ருட்டியிலேர்ந்து பலாப்பழ லோடு ஒண்ணு ராத்திரி போவுது. அதுல போயிடறேன்' என்றான்.