ஒற்றை நாற்றும் ஊர் மடையும்

தாமிரபரணிப் படுகையில் அச்சன்புதூர், நெடுவயல், வடகரை, இலத்தூர் என அனுமன் நதித் தண்ணீரை நம்பியிருக்கும் ஊர்களில் 'அம்பை பதினாறு' என்ற நெல்லை யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986-இல் வெளியிட்ட ரகம் அது. நூற்றுப் பத்து நாளையொட்டி அறுப்புக்கு வந்துவிடும். அரிசி குட்டையாக, குண்டாக இருக்கும். தமிழ்நாட்டு வேளாண் ஆராய்ச்சியின் வெற்றிகளைப் பட்டியலிட்டால் அதற்கு முன்வரிசையில் இடம் உண்டு.

அதே ஆராய்ச்சி அமைப்பு, அதைவிடப் பெரிய முனைப்போடு, அதைவிட அதிகப் பணம் செலவழித்து தாமிரபரணிப் பாசனப் பகுதிக்குக் கொண்டுவந்த இன்னொன்று ஒற்றை நாற்று நடவு. அரசாங்கக் காகிதத்தில் அதன் பெயர் திருந்திய நெல் சாகுபடி. அதைக் கேள்விப்படாத விவசாயி இல்லை. எல்லா விதிகளையும் கடைப்பிடித்து ஆண்டுதோறும் செய்கிறவரைத்தான் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. விளைச்சலைக் கூட்டும் என்று நிரூபிக்கப்பட்ட ஒரு முறை ஏன் வயலில் நிலைக்கவில்லை? இந்தக் கேள்விக்கு விவசாயியின் அறியாமையையும் சோம்பலையும் காரணம் காட்டும் பேச்சு இன்றும் அதிகாரிகள் வட்டாரத்தில் உண்டு. அந்தப் பேச்சு தவறு என்பது என் உறுதியான கருத்து.

இந்த முறை ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. மடகாஸ்கர் தீவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழவர்களோடு வேலை செய்த ஹென்றி தெ லொலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1983-இல் ஒரு நெருக்கடியில் இதைக் கண்டுகொண்டார். மழை தப்பிய பருவத்தில், முற்றாத பதினைந்து நாள் நாற்றைப் பிடுங்கித் தனித்தனியாக நட வேண்டியிருந்தது. நட்ட பயிர் எதிர்பாராத அளவுக்குத் தூர் கட்டியது. இளம் நாற்று, குத்துக்கு ஒன்று, சதுர இடைவெளி, தேங்காத தண்ணீர், உருளைக் கருவியால் களையை மண்ணிலேயே அமுக்கிவிடுவது என்று முறை உருவானது. லொலானியே 1995-இல் இறந்தபோது தீவுக்கு வெளியே இதை அறிந்தவர்கள் சிலரே. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நார்மன் அப்ஹாஃப்தான் இதை உலகெங்கும் எடுத்துச் சென்றார்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2000-இல் கோயம்புத்தூரில் சோதனையைத் தொடங்கியது. 2003-04-இல் அரசு நிதியோடு காவிரிப் படுகையில் நூறு, தாமிரபரணிப் படுகையில் நூறு என்று விவசாயிகளின் சொந்த வயல்களிலேயே ஒப்பீடு நடந்தது. முன்னின்று நடத்தியவர் டி.எம். தியாகராஜன். தாமிரபரணியில் வழக்கமான நடவில் ஹெக்டேருக்குச் சுமார் 5.6 டன் கிடைத்த இடத்தில் புதிய முறையில் சுமார் 7.2 டன் கிடைத்தது. இந்த எண்ணை நான் நம்புகிறேன். ஆராய்ச்சிப் பண்ணையின் வேலிக்குள் எடுத்த எண் அல்ல இது. நூறு வேறு வேறு வயல்களின் சராசரி. மடகாஸ்கரிலிருந்து வந்த பதினைந்து டன், இருபது டன் கதைகள் வேறு ரகம். அவற்றை 2004-இல் ஷீஹி உள்ளிட்ட பயிரியல் அறிஞர்கள் கடுமையாக மறுத்தார்கள். அளவுக்கு மீறிய அந்தக் கதைகள், அடக்கமான உண்மை எண்ணையும் சேர்த்து நம்பிக்கை இழக்கச் செய்தன.

பயிரளவில் இந்த முறைக்குக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. நெருக்கி நட்ட நெல் பக்கத்துக் குத்தோடு போட்டி போட்டே பாதி பலத்தை இழக்கும். எப்போதும் நீர் தேங்கிய சேற்றில் வேர் மூச்சு முட்டும். 22.5 சென்டிமீட்டர் சதுரத்தில் தனியாக நிற்கும் பதினான்கு நாள் நாற்றுக்கு வெயிலும் காற்றும் தாராளம். ஹெக்டேருக்கு முப்பது நாற்பது கிலோ விதை போன இடத்தில் ஏழெட்டுக் கிலோ போதும். நாற்றங்காலுக்கு ஹெக்டேருக்கு இரண்டரை சென்ட் நிலம் போதும். நெல் வயலிலிருந்து மீத்தேன் வெளியேறுவதும், வயல் இடையிடையே காய்வதால், குறையும். சிறு விவசாயிக்குக் காசு செலவில்லாத வழிகள் இவை. இதற்காக உழைத்தவர்கள் பாராட்டுக்குரியவர்கள்.

சிக்கல் வயலுக்கு வெளியே இருக்கிறது.

தண்ணீரை எடுத்துக்கொள்வோம். மண்ணில் முடியிழை வெடிப்பு தெரிந்த பிறகு இரண்டரை சென்டிமீட்டர் உயரத்துக்குப் பாய்ச்ச வேண்டும் என்பது விதி. கிணறும் மோட்டாரும் உள்ளவர் இதைச் செய்யலாம். மேக்கரையில் உள்ள அடவிநயினார் அணை, அதற்குக் கீழே ஆற்றுக்குக் குறுக்கே அணைக்கட்டுகள், அவற்றிலிருந்து கால்வாய், கால்வாயிலிருந்து குளம், குளத்திலிருந்து மடை என்று தண்ணீர் வரும் ஊரில் இருப்பவர் என்ன செய்வார்? பல இடங்களில் வயலுக்குத் தனி வாய்க்கால் கிடையாது; மேல் வயல் நிரம்பி வரப்பு வழியாகக் கீழ் வயலுக்குப் பாயும். என் வயலை நான் காயவிட்டால் கீழே இருப்பவருக்குத் தண்ணீர் போகாது. அவர் பாய்ச்சினால் என் வயல் காயாது. அடுத்த முறைத் தண்ணீர் எந்த நாளில் வரும் என்று தெரியாத விவசாயி, வந்த தண்ணீரை வரப்பு முட்டத் தேக்கிவைப்பது வீண்செலவு அல்ல. அது அவருடைய காப்பீடு. மிச்சம் பிடித்த தண்ணீர் அவருக்கே திரும்பக் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. கால்வாய்த் தண்ணீரைச் சேமிக்கச் சொல்லும் ஆய்வு, சேமிப்பு யாருக்குச் சேரும் என்று சொல்லவில்லை.

நாற்றின் வயதிலும் இதே கதைதான். கார் பருவம் தென்மேற்குப் பருவமழையை நம்பியது. குற்றாலத்தில் சாரல் பிந்தினால் அனுமன் நதியும் பிந்தும். நாற்றுப் பாவிய பிறகு நடவுக்குத் தண்ணீர் வரப் பத்து நாள் தள்ளிப்போனால், இருபத்தைந்து முப்பது நாள் நாற்று நடும் பழைய முறை அதைத் தாங்கிக்கொள்ளும். பதினான்கு நாள் நாற்றுக்கு அந்த நெகிழ்வு கிடையாது. பழைய வழக்கம் என்று ஆய்வாளர்கள் ஒதுக்கியதில் இந்த முன்யோசனையும் அடங்கியிருந்தது.

அடுத்தது உழைப்பு. நடவு பெண்களின் வேலை. ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு குழுவாக இறங்குவார்கள். கயிறு பிடித்து, மார்க்கர் போட்ட கோட்டில், பிஞ்சு நாற்றை ஒவ்வொன்றாக ஊன்றும்போது பழக்கம் வரும்வரை வேகம் குறையும். கூலி அதே கூலிதான். களையெடுப்பிலோ, குனிந்து கையால் எடுத்த பெண்களின் இடத்தில் கோனோவீடர் என்ற உருளைக் களைக்கருவி வந்தது. சேற்றில் அதைத் தள்ளப் பலம் வேண்டும் என்பதால் பெரும்பாலும் ஆண்கள் தள்ளினார்கள். ஆக, ஒரு வேலை பெண்களுக்குக் கடினமானது, இன்னொரு வேலை அவர்கள் கையை விட்டே போனது. அவர்கள் தயங்கினால் அதற்கு 'ஒத்துழைப்பின்மை' என்று பெயர் வைப்பது அநியாயம். 2008-இல் செந்தில்குமாரும் தியாகராஜன் உள்ளிட்ட சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, விளைச்சல் கூடியும் விவசாயிகள் ஏற்காததைத் தலைப்பிலேயே ஒப்புக்கொண்டது. தன் குறையைத் தானே எழுதிய அந்த நேர்மையை மதிக்கிறேன். அது பரிந்துரைகளை எந்த அளவுக்கு மாற்றியது என்பதுதான் கேள்வி.

இந்த எச்சரிக்கை முன்பே கிடைத்திருந்தது. இந்த ஒப்பீடு தொடங்கிய 2003-லேயே மோசர், பாரெட் என்ற இரு ஆய்வாளர்கள் மடகாஸ்கரைப் பற்றி எழுதியிருந்தார்கள். முறை பிறந்த தீவிலேயே, செய்து பார்த்தவர்களில் பலர் கைவிட்டிருந்தார்கள். ஏழை விவசாயிக்கு வீட்டில் அரிசி தீர்ந்திருக்கும் மாதங்களில்தான் இந்த முறை கூடுதல் உழைப்பைக் கேட்டது. அவரோ அன்றாடக் கூலிக்குப் போயாக வேண்டிய நிலையில் இருந்தார். விளைச்சலின் செய்தி கடல் கடந்து வந்த வேகத்தில் இந்தச் செய்தி வரவில்லை.

அம்பை பதினாறு ஏன் நிலைத்தது என்பதற்கும் விடை இங்கே இருக்கிறது. விதை ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு மூட்டையில் போய்விடும். அதை விதைக்க ஊரின் தண்ணீர் முறையையோ நடவுக் குழுவின் கூலியையோ மாற்ற வேண்டியதில்லை. முறையைப் புகுத்த அந்த இரண்டையும் தொட வேண்டும். ஆப்பிரிக்க அனுபவமும் இப்படித்தான். மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் 1971-இல் சேர்ந்து அமைத்த ஆப்பிரிக்க அரிசி மையத்தில், ஆப்பிரிக்க நெல்லையும் ஆசிய நெல்லையும் கலந்து மாண்ட்டி ஜோன்ஸ் உருவாக்கிய நெரிக்கா ரகங்களுக்காக அவருக்கு 2004-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. ஆனாலும் அந்த மையம் ரகத்தோடு நிற்காமல், நெல்லை அவித்துப் புழுங்கலாக்கும் பெண்களின் அடுப்பையும் பாத்திரத்தையும் ஆய்வுப்பொருளாக எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டிலும் 1967-இல் திருவாரூரில் நெல் பதப்படுத்தும் ஆய்வு தொடங்கி, தஞ்சாவூரில் தேசிய நிறுவனமாகவே வளர்ந்தது. ஆனால் அறுவடை இயந்திரம் கொட்டிய ஈர நெல்லைக் காயவைக்க இடமில்லாமல் விவசாயி இன்றும் தார்ச்சாலைக்குத்தான் வருகிறார். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் போனால் நிராகரிக்கப்படும் அந்த நெல்லில், கூடுதலாக விளைந்த மூட்டையும் சேர்ந்தே நனைகிறது. ஒன்றரை டன் கூடுதல் விளைச்சலுக்குக் களம் எங்கே என்று ஒற்றை நாற்றுத் திட்டம் கேட்டதாகத் தெரியவில்லை.

முறை முழுத் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். அதன் துண்டுகள் வயலில் தங்கியிருக்கின்றன. விதை அளவு குறைந்திருக்கிறது. நடவு இயந்திரம் வந்தபோது அதற்குத் தேவையான பாய் நாற்றங்காலும் இளம் நாற்றும் வரிசை நடவும் புதிதாகப் படவில்லை. கயிறு கட்டி நட மறுத்த இடத்தில் இயந்திரம் வரிசையாக நடுகிறது. விவசாயி தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டார். இதை அரைகுறைத் தழுவல் என்று கணக்கில் எழுதுவதைவிட, அவர் செய்த திருத்தம் என்று எடுத்துப் படிப்பதே ஆராய்ச்சிக்கு நல்லது.

அம்பாசமுத்திரம் நிலையத்துக்கும் வேளாண்மைத் துறைக்கும் ஒரு கோரிக்கை. அடுத்த சோதனையை ஒரு விவசாயியின் ஒரு ஏக்கரில் வைக்காதீர்கள். அனுமன் நதிப் பாசனத்தில் ஒரு மடைக்குக் கீழே உள்ள எல்லா வயல்களையும் ஒன்றாக எடுங்கள். தண்ணீர் முறையைப் நீர்வளத் துறையோடும் பாசனச் சங்கத்தோடும் முன்கூட்டியே பேசி முடியுங்கள். நடவுப் பெண்களின் கூலியையும் நேரத்தையும் விளைச்சலுக்குப் பக்கத்திலேயே ஒரு பத்தியில் எழுதுங்கள். அவர்களுக்கு ஏற்ற எடையில் களைக்கருவி செய்யுங்கள். அறுப்புக்கு முன் ஒரு உலர்களம் கட்டுங்கள். இரண்டு கார் பருவமும் இரண்டு பிசானப் பருவமும் பார்த்துவிட்டு, அதன் பிறகு ஹெக்டேருக்கு எத்தனை டன் என்று அறிவியுங்கள்.