கதவைச் சாத்திக்கிட்டு பேசுங்க!

சென்னீர்குப்பத்தில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். மாடி போர்ஷன். ஒரு ஹால், ஒரு பெட்ரூம், ஆள் திரும்பினால் இடிக்கும் சமையலறை. கணவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் வேலை. மனைவி பக்கத்திலேயே ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறார். மாமியார், எட்டாவது படிக்கும் பையன். கடன் கொஞ்சம், சந்தேகம் நிறைய. மூன்று மாதமாகப் புருஷனும் பெண்டாட்டியும் பையன் மூலமாகத்தான் பேசிக்கொள்கிறார்கள். ‘அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு’ ரகம்.

அந்தப் பெண் ஒருநாள் செல்போனில் விளம்பரம் பார்த்து, ஆன்லைன் கவுன்சலிங்குக்குப் பணம் கட்டிவிட்டார். மூன்று செஷன் பேக்கேஜ். முதல் செஷனுக்கு முன்னால் ஒரு மெசேஜ்: ‘அமைதியான தனி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு உட்காருங்கள்.’

எந்த அறை? எந்தக் கதவு? அந்த வீட்டில் தாழ்ப்பாள் உள்ள ஒரே தனியறை பாத்ரூம்தான்.

மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர் டேங்க் ஓரமாக நின்று பேசியிருக்கிறார். பாதி நேரம் ‘கேக்குதுங்களா?’விலேயே போய்விட்டதாம். மீதி நேரத்தில், மன அழுத்தத்துக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீர்கள் என்று கேள்வி.

“ஆறுன்னு சொன்னேண்ணா. ஆறுன்னா பாஸ் மார்க்குதானே?” என்றார் என்னிடம். சிரித்துவிட்டேன். அப்புறம் சிரித்ததற்கு வெட்கப்பட்டேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆன்லைன் கவுன்சலிங்கே பித்தலாட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றுக்கு, பயிற்சி பெற்றவர் முறையாக வழிநடத்தினால் இணையவழி சிகிச்சையும் நல்ல பலன் தருகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. நம் ஊரில் ‘கீழ்ப்பாக்கம்’ என்பது இடத்தின் பெயர் மட்டுமா? திட்டுகிற வார்த்தை! 1794-லிருந்து வைத்தியம் பார்க்கிற ஓர் ஆஸ்பத்திரியைக் கேலிக்குரிய சொல்லாக்கியவர்கள் நாம். அந்த வாசலில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயப்படுகிறவருக்கு, செல்போன் ஒரு பின்வாசல். அதை ஏன் மூட வேண்டும்?

முகம் தெரியாதவரிடம் மனசைக் கொட்டுவதும் நமக்குப் புதிதல்ல. வாரமலரில் அனுராதா ரமணன் பதில் எழுதிய ‘அன்புடன் அந்தரங்கம்’ ஞாபகம் இருக்கும். பெயர் போடாமல் எத்தனை கடிதங்கள்! ஆனால், கடிதத்துக்குத் தனி அறை வேண்டாம். எல்லோரும் தூங்கினபிறகு அடுப்படியில் உட்கார்ந்து எழுதலாம். எழுதும்போது சத்தமும் வராது.

இந்தச் சத்தம்தான் விஷயம். ராத்திரி ஒன்பது மணிக்கு மொட்டை மாடியில் மனைவி கிசுகிசுவென்று பேசிக்கொண்டிருந்தால், ஏற்கெனவே சந்தேகப்படுகிற கணவன் என்ன நினைப்பான்? நினைத்தார். மேலே வந்தார். “யார்கிட்ட பேசுறே?” என்றார். சண்டையைத் தீர்க்கப் பணம் கட்டி, புதுசாக ஒரு சண்டை வாங்கியாயிற்று.

கவுன்சலர் கெட்டவர் இல்லை. “திட்டாம, குறுக்கே பேசாம கேட்டுச்சுண்ணா அந்தப் பொண்ணு. அதுவே பெரிசா இருந்துச்சு” என்றுதான் இவர் சொன்னார். ஆனால், அவர் எந்த ஊரில் இருக்கிறார், என்ன படித்தவர், இவர் வீட்டில் கை நீளுமா நீளாதா என்று விசாரித்தாரா? கேட்கவே இல்லையாம். என் ஆத்திரம் அங்கேதான். அடி விழுகிற வீட்டில் கணவன், மனைவியைச் சேர்த்து உட்காரவைத்துப் பேசுவது ஆபத்து என்பது இந்தத் தொழிலின் பால பாடம். ஸ்க்ரீனுக்கு வெளியே, பக்கத்திலேயே அவன் நிற்பது கேமராவில் தெரியாது. அவள் ‘எல்லாம் நல்லாத்தான் இருக்கு’ என்பாள். செஷன் இனிதே முடியும்.

நான் படித்தது பி.காம். அதை வைத்துக்கொண்டு ‘வரி ஆலோசகர்’ என்று போர்டு மாட்டலாம். கம்பெனிக் கணக்கைத் தணிக்கை செய்து கையெழுத்துப் போட முடியாது. அதற்கு ஆடிட்டர் வேண்டும். மனசு விவகாரத்திலும் அப்படித்தான். மனநல மருத்துவர் என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் படித்தவர். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். வெறும் ‘கவுன்சலர்’, ‘லைஃப் கோச்’ என்றால்? சில வார ஆன்லைன் கோர்ஸ் முடித்தவரும் அதே ஆப்பில், அதே புன்னகையோடு, அதே ஐந்து நட்சத்திரங்களோடு இருப்பார். படிப்பு என்ன, பதிவு எண் என்ன என்று தயங்காமல் கேளுங்கள். ஆட்டோவுக்கே பேரம் பேசுகிறோம்!

அடுத்தது, நாம் கொட்டுவது எங்கே போகிறது? அமெரிக்காவில் பெட்டர்ஹெல்ப் என்ற பெரிய ஆன்லைன் கவுன்சலிங் கம்பெனி, வாடிக்கையாளர் தகவல்களை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக் போன்ற நிறுவனங்களோடு பகிர்ந்துகொண்டது என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. 2023-ல் 78 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டார்கள். ஃபின்லாந்தில் 2020-ல் இன்னும் மோசம். ஒரு சிகிச்சை மையத்தின் குறிப்புகளைத் திருடியவன், நோயாளிகளுக்கே நேரடியாக மெயில் அனுப்பி ‘பணம் தா, இல்லாவிட்டால் வெளியிடுவேன்’ என்று மிரட்டினான். மாமியாருக்குத் தெரியக் கூடாது என்று மொட்டை மாடி ஏறினால், ஊருக்கே தெரிகிற அபாயம்!

சரி, சரியாகச் செய்தவர்கள் யாருமே இல்லையா? இருக்கிறார்கள், இதே சென்னையில். 1984-ல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய ‘ஸ்கார்ஃப்’ அமைப்பு, 2010 வாக்கில் புதுக்கோட்டை கிராமங்களுக்கு ஒரு பஸ் அனுப்பியது. பஸ்ஸுக்குள்ளேயே ஓர் அறை. உள்ளே போனால், திரையில் சென்னை டாக்டர். பக்கத்திலேயே உள்ளூர்ப் பணியாளர். மருந்தும் அங்கேயே, இலவசமாக. கவனியுங்கள். டாக்டரைத் திரையில் காட்டுவதற்கு முன்னால், நோயாளிக்கு ஒரு கதவைக் கொடுத்தார்கள்.

நம் ஆப்காரர்கள் கோட்டைவிட்டது அந்தக் கதவைத்தான். சென்னீர்குப்பம் மாதிரி இடங்களில், ஆரம்ப சுகாதார நிலையத்திலோ நூலகத்திலோ ஒரு சின்ன அறை, ஒரு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர், பக்கத்தில் ஒரு நர்ஸ். பெரிய செலவா இது? மெட்ரோ தூண்கள் பூந்தமல்லி வரைக்கும் வந்துவிட்டன. ஒரு தாழ்ப்பாள் வராதா?

அதுவரைக்கும், பணம் கட்டுவதற்கு முன் இரண்டு எண்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 14416: 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ். தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்று பெயர். இலவசம், 24 மணி நேரமும், தமிழிலேயே. இங்கே ‘நெஞ்சை அடைக்குது’, ‘வயிறு எரியுது’ என்று நம் பாஷையிலேயே ஆரம்பிக்கலாம். வீட்டில் அடி, மிரட்டல் என்றால் பெண்களுக்கு 181. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணமே வந்துவிட்டால், 1986-லிருந்து சென்னையில் இருக்கிற ‘ஸ்நேகா’வும் உண்டு. அங்கே அறிவுரை கிடையாது, காது கொடுப்பார்கள்.

இந்த எண்களை அந்தப் பெண்ணிடமும் கொடுத்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், ஆபீஸ் ஸ்டாக் ரூமிலிருந்து கூப்பிட்டுப் பேசினாராம். ஸ்டாக் ரூமுக்குக் கதவு உண்டு.

“அந்த ஆப்ல இன்னும் ரெண்டு செஷன் பாக்கி இருக்குண்ணா. ரீஃபண்ட் கிடையாதாம். என்ன பண்றது?”

அக்கவுன்ட்ஸ் பார்க்கிறவர் அவர். நானும் காமர்ஸ். இரண்டு பேருக்கும் தெரிந்ததுதான்.

“வாராக்கடன்ல எழுதிடும்மா” என்றேன்.