நான்காம் பக்கம்

புத்தகம் ஒன்று கைக்கு வந்ததும் நான் முதலில் திருப்புவது நான்காம் பக்கத்தை. சில நூல்களில் அது இரண்டாம் பக்கமாக இருக்கும். நூலின் பெயர், முதல் பதிப்பு, உரிமை, பக்கங்கள், விலை, அட்டை வடிவமைப்பு, ஒளியச்சு, அச்சாக்கம், வெளியீடு என்று சின்ன எழுத்தில் அடுக்கியிருப்பார்களே, அந்தப் பக்கம். வகுப்பில் மாணவிகளிடம் ஒரு நூலைக் கொடுத்து, இதில் பிரதி எங்கே தொடங்குகிறது என்று கேட்பேன். முன்னுரையில் என்பார்கள், முதல் கவிதையில் என்பார்கள். ஒருமுறை ஒருத்தி "அட்டையில மேடம்" என்றாள். நான்காம் பக்கம் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. ஒரு சிறு பதிப்பகத்தில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்திருக்காவிட்டால் நானும் சொல்லியிருக்க மாட்டேன்.

2004இல் திருவல்லிக்கேணியில், ஒரு மாடியில், இரண்டு அறைகள் கொண்ட பதிப்பகம் அது. முனைவர் பட்ட ஆய்வு பாதியில் நின்றிருந்தது. விடுதிக் கட்டணம் கட்டப் பணமில்லை. மாதம் 2,500 ரூபாய்க்கு மெய்ப்புப் பார்க்கச் சேர்ந்தேன். பதிப்பாளர், கணக்குப் பார்க்கும் ஒரு பெரியவர், கட்டுக் கட்டும் பையன், கணினியில் உட்கார்ந்திருந்த அக்கா, நான் என ஐந்து பேர். மெய்ப்புப் பார்ப்பதுதான் வேலை என்றாலும், காலையில் கதவைத் திறப்பது, கூட்டுவது, வி.பி.பி.யில் அனுப்பவேண்டிய நூல்களுக்கு முகவரி எழுதுவது, திரும்பி வந்த பார்சல்களைப் பிரித்துத் தூசி தட்டி அடுக்குவது, நூலக ஆணை வந்துவிட்டதா என்று தொலைபேசியில் கேட்கும் எழுத்தாளர்களுக்குப் பதில் சொல்வது எல்லாம் மெய்ப்புக்குள்ளேயே அடக்கம். மாலையில் எழுத்தாளர்கள் வருவார்கள். ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு நான் கீழே போவேன். "உனக்கும் ஒண்ணு சேர்த்து வாங்கிக்கம்மா" என்பார் பதிப்பாளர். நல்ல மனிதர். பெண்ணியம் பற்றி மூன்று நூல்கள் வெளியிட்டிருந்தார். மாடியில் கழிப்பறை கிடையாது. அக்காவும் நானும் கீழ்வீட்டு அம்மாவிடம் சாவி கேட்டு வாங்குவோம். ஒரு நாளைக்கு இரண்டு முறைக்கு மேல் கேட்கக் கூச்சமாக இருக்கும் என்று தண்ணீரைக் குறைத்துக்கொள்வோம். சிற்றிதழ் மரபு, மாற்றுப் பதிப்பு, எதிர்ப்பண்பாடு என்று பிறகு நான் எழுதிய கட்டுரைகள் எதிலும் இந்தச் சாவி வரவில்லை.

அக்காவின் வேலையை எல்லோரும் 'டைப் அடிக்கிறது' என்பார்கள். ஒருங்குறி அப்போது எங்கள் மாடிக்கு வந்திருக்கவில்லை. ஓர் எழுத்தாளர் ஓர் எழுத்துருவில் கோப்பு அனுப்புவார், இன்னொருவர் வேறொன்றில். மாற்றும்போது 'கொ' உடைந்து கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகக் கிடக்கும், கிரந்த எழுத்துகள் காணாமல் போகும். அவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து வைப்பார். கையெழுத்துப் பிரதி என்றால் இன்னும் மோசம். ஒரு மூத்த நாவலாசிரியரின் நூலில், மூன்றாம் அத்தியாயத்தில் சித்தியாக இருந்த பெண் பதினொன்றாம் அத்தியாயத்தில் அத்தையாகிவிட்டாள். மெய்ப்புப் பார்த்த எனக்கு அது தெரியவில்லை. நான் ஒற்றெழுத்துகளின் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். கண்டுபிடித்தவர் அக்கா. "சித்தின்னா அம்மா பக்கம், அத்தைன்னா அப்பா பக்கம். இவரு எந்தப் பக்கம் சொத்தைப் பிரிக்கிறாரு?" என்று கேட்டார். நாவலின் முடிச்சே அந்தச் சொத்துப் பிரிவினைதான். எழுத்தாளருக்குத் தெரிவித்தபோது அவர் சிரித்துவிட்டு, சரி, மாற்றிவிடச் சொல்லுங்கள் என்றார். ஆங்கிலப் பதிப்பகமாக இருந்தால் இந்த வேலைக்கு எடிட்டர் என்று பெயர் இருந்திருக்கும். இங்கே நான்காம் பக்கத்தில் 'ஒளியச்சு' என்று போட்டு, எதிரே பதிப்பகத்தின் பெயரையே போட்டோம்.

அந்தப் பக்கத்துக்கு வெளியே இன்னொரு கூட்டம் இருக்கிறது. தாள் வெட்டி, அச்சாகி, பைண்டிங்குக்குப் போகும். மெய்ப்பில் ஒரு பிழையைக் கடைசி நேரத்தில் கண்டுபிடித்து, ஃபாரத்தை நிறுத்த ஓடிய ஒரு மதியம்தான் அந்த இடத்தை முதலில் பார்த்தேன். பெண்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்து ஃபாரம் மடித்துக்கொண்டிருந்தார்கள். 16 பக்கங்கள் கொண்ட ஃபாரத்தை மூன்று முறை மடிக்கவேண்டும். 160 பக்க நூல் என்றால் பத்து ஃபாரம். ஆயிரம் பிரதிக்கு 10,000 தாள், 30,000 மடிப்பு. மடித்த கணக்குக்குத்தான் கூலி. அவர்களில் ஒருவர் என் கையிலிருந்த தாளைப் பார்த்து, "இது படிக்கிறதுக்கு நல்லாருக்குமா?" என்று கேட்டார். பெண் மொழி பற்றிய கட்டுரைத் தொகுப்பு அது. என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. ஏதாவது மழுப்பியிருப்பேன்.

தமிழில் பதிப்பு வரலாறு எழுதப்படும் விதத்தில் எனக்குள்ள சிக்கல் இங்கிருந்து தொடங்குகிறது. நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் தியாகக் கதைகள். 1959இல் 'எழுத்து' தொடங்கிய சி.சு. செல்லப்பா மனைவியின் நகைகளை விற்று இதழ் நடத்தினார் என்றும், நூல்களைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போனார் என்றும் சொல்வார்கள். அவருடைய பிடிவாதத்தின்மீது எனக்கு மரியாதை உண்டு. எழுத்துவில் வந்த கவிதைகள் இல்லாமல் என்னைப் போன்றவர்கள் எழுத வந்திருக்க முடியாது. என் கேள்வி இலக்கணம் பற்றியது. 'அவர் மனைவியின் நகையை விற்றார்.' இந்த வாக்கியத்தில் எழுவாய் அவர், செயப்படுபொருள் நகை. நகைக்கு உரியவர் ஆறாம் வேற்றுமை உருபாக நடுவில் நிற்கிறார். தியாகம் எழுவாய்க்குப் போய்ச் சேர்கிறது. நகையைக் கழற்றிக் கொடுத்தபோது அவர் என்ன சொன்னார், தாமாகக் கொடுத்தாரா, கொடுக்கவேண்டியிருந்ததா, இதழை அவர் படித்தாரா என்பதற்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை. வேறு எத்தனையோ சிற்றிதழ்க்காரர்களைப் பற்றியும் இதே வாக்கியத்தைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். பெயர் மட்டும் மாறும், வேற்றுமை உருபு மாறாது.

மேலைநாட்டில் நிலைமை வேறு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். வர்ஜீனியா வுல்ஃபின் 'தனக்கென ஓர் அறை'யை நாம் எல்லோரும் பாடத்தில் வைத்திருக்கிறோம். பெண் எழுத ஆண்டுக்கு 500 பவுனும் ஓர் அறையும் வேண்டும் என்ற வாதத்தை மாணவிகள் தேர்வில் பிழையில்லாமல் எழுதுகிறார்கள். 1929இல் அந்த நூலை வெளியிட்டது ஹோகார்த் பதிப்பகம் என்பதையும், அது வர்ஜீனியாவும் லியோனார்டும் 1917இல் ரிச்மண்டில், வீட்டிலேயே ஒரு சின்னக் கை அச்சு இயந்திரத்தை வைத்துத் தொடங்கியது என்பதையும் நாம் சொல்லித் தருவதில்லை. லியோனார்டுக்குக் கை நடுங்கும். அதனால் எழுத்துக் கோத்தவர் வர்ஜீனியா. 1923இல் அவர்கள் வெளியிட்ட எலியட்டின் 'பாழ் நிலம்' நெடுங்கவிதையை அவர்தான் தம் கையால் கோத்தார். நவீனத்துவத்தின் பெருங்கவிதை ஒன்று ஒரு பெண்ணின் விரல் நுனியில் எழுத்தெழுத்தாக, வலமிருந்து இடமாகப் புரண்டு நின்றது.

1924இல் பதிப்பகம் லண்டனில் டாவிஸ்டாக் சதுக்கத்து வீட்டின் அடித்தளத்துக்கு வந்தது. வர்ஜீனியா எழுதிய இடம் பின்னாலிருந்த பண்டக அறை. சுற்றிலும் விற்காத நூல்களின் கட்டுகள். கட்டு எடுக்க ஆட்கள் உள்ளே வந்துபோவார்கள். பூட்டுள்ள அறை வேண்டும் என்று எழுதிய காலத்தில் அவர் கிடங்கில்தான் உட்கார்ந்திருந்தார். இதைத் தெரிந்துகொண்டபின் அந்த நூல் எனக்கு வேறாகத் தெரிகிறது. வசதியுள்ளவர் வசதியைக் கேட்கிறார் என்று நம்மில் சிலர் அதைத் தள்ளிவிடுவதுண்டு. பதிப்பகத்தில் வேலை பார்த்த ஒருத்தியின் எரிச்சலாகவும் அதைப் படிக்கலாம். அடுத்த வரி வரும் நேரத்தில் 'மேடம், அந்தக் கட்டு' என்று யாரோ நுழைந்திருக்கிறார்கள்.

அங்கேயும் நான்காம் பக்கப் பிரச்சினை இருக்கிறது. பதின்ம வயதில் அங்கே வேலைக்குச் சேர்ந்த ரிச்சர்டு கென்னடி, முதுமையில் படங்களோடு ஒரு நினைவுநூல் எழுதினார். 1972இல் வந்தது. சின்னப் பதிப்பகத்தின் அன்றாடம் பற்றி நான் படித்தவற்றில் ஆகக் கலகலப்பானது. ஆனால் அதே வீட்டில் பல ஆண்டுகள் சமைத்த நெல்லி பாக்ஸலைப் பற்றித் தெரிந்துகொள்ள நாம் 2007இல் வந்த அலிசன் லைட்டின் ஆய்வுநூலுக்குத்தான் போகவேண்டும். வர்ஜீனியாவின் நாட்குறிப்புகளில் நெல்லி தொல்லையாக வருகிறார். அறை வேண்டும் என்றவருக்கு அந்த அறைக்குச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது என்பது தெரியும். தெரிந்தே எரிச்சல்பட்டார். நான் அவரை இதற்காகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற மாட்டேன். ஏன் என்பது பின்னால் வருகிறது.

நம் பக்கத்தில் வை.மு. கோதைநாயகி இருக்கிறார். 115 நாவல்கள் எழுதியவர். 1925இலிருந்து ஏறத்தாழ தம் இறுதிக்காலம் வரை 'ஜகன்மோகினி'யை நடத்தியவர். எழுதப் பழகுவதற்கு முன்பே 'இந்திர மோகனா' நாடகத்தை அவர் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். கோதைநாயகியைப் பற்றி எழுதுபவர்கள் இதை அவருடைய திறமைக்குச் சான்றாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறார்கள். எழுதத் தெரியாதவர் எழுத்தாளர் ஆனாரே என்று வியக்கிறார்கள். எனக்குப் பட்டம்மாளிடம் நிற்கத் தோன்றுகிறது. சொன்னதையெல்லாம் அப்படியே எழுதினாரா? ஒரு வசனம் நீளமாக இருக்கிறது என்று எங்காவது கையை நிறுத்தினாரா? இதற்கெல்லாம் விடை கிடைக்காது. பெயராவது மிஞ்சியிருக்கிறது. எங்கள் மாடியில் அதுவும் மிஞ்சவில்லை.

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி. அரங்கில் பத்து நாளும் நான்தான் பில் போடுவேன். பத்து சதவீதக் கழிவை மனக்கணக்காகப் போட்டுவிடுவேன். எந்த நூல் யாருக்குப் பிடிக்கும் என்று ஆளைப் பார்த்தே சொல்ல முடிந்தது. வருகிறவர்கள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "சார் இல்லையா?"

என் முதல் தொகுப்பு 2006இல் அதே பதிப்பகத்தில்தான் வந்தது. 80 பக்கம். ஒருநாள் ஆறு மணிக்குமேல், வீட்டுக்குக் கிளம்பவேண்டிய அக்காவை உட்காரவைத்து வரிகளை மாற்றிக்கொண்டிருந்தேன். அம்மாவின் சாவு பற்றிய ஒரு கவிதை. அதில் ஒரு நீண்ட வரியை நான் ஒரே மூச்சாக வைத்திருந்தேன். அக்கா திரையைப் பார்த்தபடி, "இதை இங்க ஒடைச்சிடேன். படிக்கிறப்ப மூச்சு முட்டுது" என்றார். விசையைத் தட்டிக் காட்டினார். வினைச்சொல் தனியாகக் கீழே இறங்கி நின்றது. அப்படியே வைத்துக்கொண்டேன். தொகுப்புக்கு வந்த மதிப்புரை ஒன்றில், என் கவிதைகளில் மௌனம் செயல்படும் விதத்துக்கு எடுத்துக்காட்டாக அந்த வரி உடைப்பைத்தான் பாராட்டியிருந்தார்கள். அந்த மதிப்புரையை என் பணி விண்ணப்பத்தில் இணைத்தேன்.

நூலின் நன்றிப் பக்கத்தில் நெறியாளர், பதிப்பாளர், இரண்டு மூத்த கவிஞர்கள், அட்டை வரைந்த ஓவியர், என் கணவர் எல்லோரும் இருக்கிறார்கள். நான்காம் பக்கத்தைத் தட்டச்சு செய்தது நானேதான். 'ஒளியச்சு' என்று அடித்து, வழக்கம்போல் எதிரே பதிப்பகத்தின் பெயரைப் போட்டேன். அக்கா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். யாரும் தடுக்கவில்லை, யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பெயரைப் போடவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அப்போது நான் எழுதிக்கொண்டிருந்த ஆய்வேட்டின் தலைப்பில் 'பெண்', 'குரல்' என்ற இரண்டு சொற்களும் இருந்தன.

இந்தக் கட்டுரைக்காக அக்காவைப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு தேடிப் பேசினேன். பார்வை குறைந்துவிட்டதாம், கணினி வேலையை விட்டுவிட்டார். மகள் வீட்டில் இருக்கிறார். கட்டுரையில் உங்கள் பெயரை எழுதட்டுமா என்று கேட்டேன். "வேணாம்மா" என்றார் உடனே. "புத்தகத்துல போட்டிருந்தா அது வேற. இதுல போட்டா நான் என்னமோ ஒங்கிட்ட மூக்கைச் சிந்தின மாதிரி இருக்கும்." அவர் சொன்னதில் ஒரு துல்லியமான திறனாய்வு இருக்கிறது என்று நினைக்கிறேன். உழைப்பின் இடத்தில் வரவேண்டிய பெயரைப் புகாரின் இடத்தில் கொண்டுவந்து வைக்கப் பார்த்தேன். அதனால்தான் இந்தக் கட்டுரையிலும் அவர் 'அக்கா'வாகவே இருக்கிறார்.

அந்தத் தொகுப்பு இப்போது வேறொரு பதிப்பகத்திலிருந்து மறுபதிப்பாக வருகிறது. 300 பிரதி. நான்காம் பக்கத்தில் 'முதல் பதிப்பின் ஒளியச்சும் செம்மையாக்கமும்' என்று ஒரு வரி சேர்க்கப்போகிறேன், அதில் போடலாமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் தொலைக்காட்சி ஓடும் சத்தம் கேட்டது.

"செம்மையாக்கம்னா?"

"சரி பண்றதுக்கா."

"ஆமா, பண்ணேன்ல" என்றார். பிறகு, "இனிஷியலோட போடு. அப்பா இனிஷியலா அவரு இனிஷியலான்னு யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

மூன்று வாரமாகிறது. அச்சகத்திலிருந்து இரண்டு முறை கேட்டுவிட்டார்கள். கோப்பை இன்னும் அனுப்பவில்லை.